குங்குமம் வைத்த சர்வர்

லேப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் ஒருவர் போன வாரம் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். “மேடம், சிமுலேட்டர் இமேஜ்ல லைப்ரரி எல்லாம் அரதப் பழசா இருக்கு. பசங்க புரோகிராம் ஏறவே மாட்டேங்குது. எப்படி மாத்தறது?” என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் கட்டளைகளைச் சொல்லிவிட்டேன். அவரும் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வைத்த பிறகு எனக்கு அன்றைய சமையல் ஓடவில்லை. குழம்பு அடிப்பிடித்தது. சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, தேடினால் யாருக்கும் கிடைக்கிற ஐந்து வரியை மட்டும் சொல்லியிருக்கிறேன் என்று தோன்றியது. விட்டதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1993-இல் விழுப்புரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் உதவியாளராகச் சேர்ந்தேன். அதே நாளில் விரிவுரையாளராகச் சேர்ந்தவள் தனலட்சுமி. வளவனூர்க்காரி. நெல்லும் கரும்புமாக நிலம் வைத்திருந்த குடும்பத்திலிருந்து முதன்முதலாக இன்ஜினியரிங் படித்து வந்தவள். நான் கிறிஸ்தவப் பெண், அவள் ஆடிக்கு ஆடி கூழ் ஊற்றும் வீட்டுப் பெண். அவள் பாடம் நடத்துகிறவள், நான் ஒயர் செருகுகிறவள். சம்பளத்திலும் மரியாதையிலும் அவள் ஒரு படி மேல். ஆனாலும் முதல் வாரத்திலேயே “வாடி, போடி”க்கு வந்துவிட்டோம். பிள்ளைகள் முன்னால் மட்டும் நான் அவளுக்கு மேடம்.

அந்த லேப்பில் ஏழு டெர்மினல்களும் ஒரு யூனிக்ஸ் மெஷினும் இருந்தன. செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வரவேண்டும். சேர்ந்த மூன்றாவது மாதம், டிஸ்க்கில் இடம் போதவில்லையே என்று நான் சில பழைய கோப்புகளை அப்புறப்படுத்தினேன். அவற்றில் ஒன்று சிஸ்டம் லைப்ரரி. அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. ஒரு தெருவுக்கே ஒரு குழாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு கிணறு வெட்டாமல் எல்லாரும் அதில்தான் பிடிக்கிறார்கள். மெஷினில் இருக்கிற அத்தனை நிரல்களுக்கும் லைப்ரரி அந்தக் குழாய். நான் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். எந்தக் கட்டளை போட்டாலும் “முடியாது” என்றே பதில் வந்தது.

மெஷினை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று சுவிட்சை நோக்கி எழுந்தேன். தனம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “கையை எடு. அணைச்சா மறுபடி எழுந்துக்கவே எழுந்துக்காது. எதையும் தொடாதே” என்றாள். அப்படியே என்னை உட்காரவைத்துவிட்டு, அலுவலகத்துக்கு ஓடி, மெஷினைப் பராமரிக்கும் சென்னைக் கம்பெனிக்கு எஸ்.டி.டி. போட்டாள். அந்தப் பக்கம் பேசிய மனிதரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, “ஸ்கிரீன் இன்னும் உங்ககிட்ட பேசுதாம்மா?” என்பதுதான். பேசுகிறது என்றால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். லைப்ரரியின் தயவு இல்லாமல் தனியாக நிற்கிற இரண்டு மூன்று கட்டளைகள் ஒரு மூலையில் இருந்தன. அவர் சொல்லச் சொல்ல தனம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஓடிவந்தாள். ஒரு மணி நேரத்தில் குழாயைத் திரும்ப நட்டுவிட்டோம். என்மேல் அவள் ஒரு வார்த்தை எரிந்து விழவில்லை. “யாரும் கேட்டா நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணோம்னு சொல்லிடு” என்றாள். யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

சில வருடங்கள் கழித்து இருவரும் திண்டிவனம் பக்கம் இந்தக் கல்லூரிக்கு வந்தோம். அதன்பின் தினமும் விழுப்புரத்திலிருந்து ஒரே பஸ். அவள் வளவனூரிலிருந்து வந்து இறங்குவாள், நான் இடம் போட்டு வைத்திருப்பேன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பெயர். அது விளைகிற காலத்தில் வேகவைத்து எடுத்துவருவாள். திண்டிவனம் போவதற்குள் காலி செய்துவிடுவோம். தோலை ஜன்னல் வழியே போடாமல் கைப்பையில் போட்டுக்கொள்வாள். அவளுடைய பையைத் திறந்தாலே மல்லாட்டைத் தோல் வாசம் அடிக்கும். இதை எழுதும்போதுகூட எனக்கு அந்த வாசம் வருகிறது. சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

இனி நான் சொல்லவந்ததற்கு வருகிறேன். 2010 தாண்டிய சமயம். தனம் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். ஆறு வருடத்துக்கு மேல் இழுத்துவிட்டது. வாங்க வேண்டிய நீட்டிப்பெல்லாம் வாங்கியாயிற்று. நவம்பரில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அதோடு கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில், பட்டம் கையில் வந்தால் பேராசிரியர் பதவி என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். பட்டம் இல்லாவிட்டால் இங்கே கடைசிவரை உதவிப் பேராசிரியராகவே இருக்க வேண்டியதுதான். அவளுக்குப் பின்னால் வந்த பொடிசுகள் எல்லாம் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். வெளியே சிரிப்பாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் தொங்கிவிடும்.

அவளுடைய ஆய்வு சிமுலேட்டரில் நடந்தது. சிமுலேட்டர் என்றால், நிஜக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைப் பொய்யாக ஓடவைப்பது. அந்தப் பொய்க் கம்ப்யூட்டருக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டுமல்லவா? அதுதான் இமேஜ். பார்வைக்கு ஒரே ஒரு பெரிய கோப்பு. உள்ளே ஒரு முழு சிஸ்டமே குடியிருக்கும். அவள் வைத்திருந்த இமேஜ் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எப்போதோ செய்து வெளியிட்டது. அதில் இருந்த லைப்ரரிகள் ரொம்பப் பழையவை. நான்கு நிரல்களை அதில் ஓட்டி அளவு எடுத்துத் தரச்சொல்லி ஆய்வுக் குழு கேட்டிருந்தது. இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது புதுசு. பழைய லைப்ரரியில் அது ஏறவே இல்லை.

பொய்க் கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில்தான் ஓடும். நிஜ மெஷினில் அரை நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இரண்டு வாரம் ஆகும். நடுவில் நிறுத்திச் சேமித்துவைத்தால் அவள் எடுக்கிற அளவே மாறிவிடும் என்பதால் ஒரே மூச்சில் ஓடி முடிய வேண்டும். மூன்றாவது நிரல் பதிமூன்று நாளில் முடியும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அப்படியானால் ஆயுத பூஜைக்கு முன்பே முடிந்துவிடும். நான்காவதற்கு லைப்ரரியை மாற்றித்தருவது என் பொறுப்பு. “பூஜை லீவு முடிஞ்சு வந்ததும் பண்ணித் தர்றேன்” என்று சொல்லியிருந்தேன்.

அதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்துவிட்டேன். எழுந்து வந்தது கல்லூரியில் பூஜை போடுகிற அன்றுதான். ஆயுத பூஜைக்கு முந்தின வேலைநாளில் படைத்துவிடுவது நம் வழக்கம், உங்களுக்கே தெரியும். அட்டெண்டர் கோவிந்தன் ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வருவார். அந்தச் சந்தனத்தைக் குழைத்துக் கொடுப்பது வருடா வருடம் நான்தான். “மாதா கோவிலுக்குப் போற மேடம் கையால குழைச்சாதான் சந்தனம் நல்லா ஒட்டுது” என்று கோவிந்தன் கேலி செய்வார். பொட்டு வைத்துவிட்டால் விஜயதசமி வரைக்கும் எந்த மெஷினிலும் வேலை கிடையாது. விடுதிக்கு இணையம் போகிற பெரிய சர்வரை மட்டும் அணைக்க மாட்டோம். ஆனால் அதில் எதையாவது ஓடவிட்டிருப்பவர்கள் பூஜைக்கு முன்னால் தாங்களே நிறுத்திவிட வேண்டும். இதெல்லாம் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஆனாலும் யாரும் மீறியதும் இல்லை. தனத்தின் சிமுலேட்டர் அந்தச் சர்வரில்தான் இருந்தது.

படையல் முடிந்து பொரி கடலை வாங்கிக்கொண்டு மூன்று மணிக்கெல்லாம் கல்லூரி காலியாகிவிட்டது. தனமும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டாள். என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவசரம் போல என்று நினைத்தேன். நான் மட்டும் பின்தங்கினேன். லீவு முடிந்து அவள் வந்து பார்க்கும்போது நான்காவது நிரலுக்கு எல்லாம் தயாராக இருக்க வேண்டும், அவள் முகம் மலர்வதை நான் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதில் என்ன ருசி?

சர்வருக்கு முன்னால் உட்கார்ந்தேன். நெற்றியில் பெரிய பொட்டு அதற்கு. அந்த வழக்கத்தை நானும் அன்றுதான் முதன்முதலாக மீறினேன். இமேஜைத் திறந்தேன். உள்ளே போய் பழைய லைப்ரரிகள் இருந்த இடத்தில் புதியவற்றை வைத்தேன். மூடினேன். மொத்தம் இருபது நிமிட வேலை.

இமேஜைத் திறப்பதற்கு முன்னால் சிமுலேட்டர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு கட்டளை. அதைப் பார்க்காமல் திறந்த பிள்ளைகளை நான் எத்தனை முறை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன் என்று கேட்டுப்பாருங்கள். அன்று நான் பார்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை அந்தக் கட்டளைக்குப் போனது. கண் பொட்டைப் பார்த்தது. பூஜை போட்ட மெஷினில் எவள் வேலை ஓடவிட்டிருக்கப் போகிறாள் என்று கையை எடுத்துக்கொண்டேன்.

எல்லாம் முடித்துவிட்டு, கிளம்புகிற நேரத்தில் பழக்கதோஷத்தால் அதே கட்டளையைப் போட்டேன். தனத்தின் பெயர் இருந்தது. பதினாறு நாளாக ஓடிக்கொண்டிருந்த வேலை. அதன் கடைசி வரியைப் பார்த்தேன். உள்ளே இருந்த பொய்க் கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கில் ஏதோ ஒன்றைத் தேடிப் போய், வேறு ஒன்றைப் பார்த்து, செத்துவிட்டிருந்தது. மணி நான்குகூட ஆகவில்லை.

கணக்கு தப்பி, பதிமூன்று நாளில் முடியவேண்டியது பதினேழாவது நாளுக்கு இழுத்திருக்கிறது. காய்ச்சலில் கிடந்தவளிடம் இதை எதற்குச் சொல்லவேண்டும் என்று விட்டிருக்கிறாள். பூஜைக்காக நிறுத்தினால் எல்லாம் போச்சு. அதனால் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொட்டு வைத்த மெஷினில் வேலையை ஓடவிட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவள் வீட்டில் அன்றைக்கு மோட்டார் பம்பைக்கூடப் போட மாட்டார்கள். என் முகத்தைப் பார்க்காமல் அவள் போனதற்குக் காரணம் அந்த வெட்கம். ஆளுக்கொரு ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு ஒரே தட்டில் பொரி தின்றிருக்கிறோம்.

உடனே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. வீட்டுக்குப் போனேன். மறுநாளும் செய்யவில்லை. விஜயதசமி அன்று காலை அவளே கல்லூரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு என்னை அழைத்தாள். ஒரே அழுகை.

“செத்துப் போச்சு ஸ்டெல்லா. பதினாறு நாளு. சாமி குத்தம்டி. பூஜை அன்னிக்கு நிறுத்தாம ஓட விட்டேன் இல்ல? எங்கம்மா கேட்டா செருப்பால அடிக்கும். எனக்கு வேணும். நான் விட்டுடறேன். இந்தப் பட்டமும் வேணாம், கோயம்புத்தூரும் வேணாம்.”

“அழாதே. நாளைக்கு வந்து பார்த்துக்கலாம்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்த இடத்தை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். பழியை ஏற்றுக்கொள்ள ஒரு சாமி தயாராக இருந்தது. அவளே கொண்டுவந்து வைத்துவிட்டாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். பயமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவள் “கோயம்புத்தூரும் வேணாம்” என்று சொன்னபோது எனக்குள் ஒன்று குளிர்ந்தது. அப்பாடா, இவள் போக மாட்டாள் என்று இருந்தது. என் சிநேகிதி நெஞ்சு வெடிக்க அழுகிறாள், எனக்கு உள்ளே குளிர்கிறது. அன்றைக்கு நான் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் இடம் போட்டு வைத்திருந்தேன். கண் வீங்கி வந்து உட்கார்ந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்வது எனக்குப் பழக்கம். அவர் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருப்பார், முகம் தெரியாது. தோளோடு தோள் இடிக்கிற சீட்டில் சொல்வதற்குப் பழக்கமில்லை. பஸ் ஊரைத் தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

“தனம், சாமி குத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான்.”

“இன்னா நான்தான்?”

“படைச்சிட்டு எல்லாரும் போன பின்னால நான் உக்காந்து இமேஜைத் திறந்து லைப்ரரியை மாத்தினேன். உன் வேலை ஓடிக்கினு இருந்திச்சு. நான் பார்க்கல.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விக்கிரவாண்டி வந்தது, போனது. கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுக்க வந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை, நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். கூட்டேரிப்பட்டு நெருங்கும்போதுதான் கேட்டாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே. நாலு மணிக்கே.”

“அப்ப நான் போன்ல அழுதப்ப?”

“அப்பவும்தான்.”

“தப்பு யார் வேணா பண்ணுவாங்க. அதை விடு. நேத்து பூரா எங்க வீட்டு சாமி முன்னால நின்னு கன்னத்துல போட்டுக்கினு இருந்தேன்டி நானு. நீ வேடிக்கை பார்த்துக்கினு இருந்திருக்கே” என்றாள்.

இறங்கி என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். ஆய்வேட்டைக் கொடுக்க இருபத்திரண்டு நாள் இருந்தது. மூன்றாவது நிரலை மறுபடி ஓட்டப் பதினேழு நாள், நான்காவதற்குக் கிட்டத்தட்ட அதே அளவு. ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் நடக்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட, அதே திறனில் இன்னொரு சர்வர் வேண்டும். அது தேர்வுப் பிரிவில்தான் இருந்தது. அதை யாரும் தொட முடியாது.

துறைத் தலைவரிடம் போனேன். நல்ல மனிதர், வம்பு பிடிக்காதவர். விஷயத்தைக் கேட்டதும், “எதுக்கு மேடம் பேஜாரு? பவர் கட்டுல போச்சுன்னு எழுதிக் குடுத்துடுங்க. ஊரு பூரா கரண்ட் இல்லாமதான கெடக்குது. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க” என்றார். அந்த வருடங்களில் மின்வெட்டு அப்படி. எதற்கு வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம், நம்புவார்கள். நான் சந்தனம் குழைத்ததிலிருந்து ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நல்லவள் என்று பெயர் வாங்குவதற்காக இல்லை. ஒரு சாமியின் தலையில் போட்டுவிட்டு ஒரு நாள் பூரா இருந்து பார்த்தவளுக்கு, மின்சாரத்தின் தலையில் போட மறுபடி துணிவு வரவில்லை.

அந்தக் கடிதம்தான் காரியத்தைச் சாதித்தது. மின்வெட்டால் போனது என்றால் அது யார் குற்றமும் இல்லை, யாரும் ஈடுகட்ட வேண்டியதில்லை. லேப் ஊழியரின் தவறால் போனது என்று எழுத்தில் இருந்ததால் துறைத் தலைவர் முதல்வரிடம் போய் வாதாட முடிந்தது. மூன்று வாரத்துக்குத் தேர்வுப் பிரிவு சர்வர் கிடைத்தது. எனக்கு ஒரு மெமோவும் கிடைத்தது. இன்னும் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் காட்டுகிறேன்.

அடுத்தது இமேஜ். பழைய பிரதி ஒன்றை எடுத்து, அதிலிருந்து இரண்டு நகல் எடுத்தேன். மூன்றாவது நிரலுக்கு இருந்ததை இருந்தபடி விட்டேன். நான்காவதற்கு லைப்ரரியை மாற்ற வேண்டும். தனம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பேசவில்லை. ஆனால் வேறெங்கும் போகவும் இல்லை. முதல் முறை அவசரத்தில் எல்லா லைப்ரரிகளையும் புதிதாக மாற்றினேன். உள்ளே இருந்த சிஸ்டம் எழுந்திருக்கவே மறுத்தது. அது பழைய ஆள், அதற்குப் பழைய லைப்ரரிகள்தான் தெரியும். அரை நாள் வீண். பிறகு புத்தி வந்து, பழையவற்றை அவை இருந்த இடத்திலேயே விட்டேன். புதியவற்றைத் தனியாக ஒரு பக்கத்தில் வைத்து, நான்காவது நிரலுக்கு மட்டும் அந்த வழியைக் காட்டினேன். போனில் கேட்டவருக்கும் இதைத்தான் சொன்னேன். நிரல் கேட்பதை மட்டும் கொடுங்கள், கேட்காததைப் பிடுங்காதீர்கள்.

பொய்க் கம்ப்யூட்டர் எழுந்து நிற்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஒவ்வொரு வரியாகத் திரையில் ஊர்ந்து வரும். செய்வதற்கு ஒன்றும் இல்லை, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு வாய்க்குள் ஜெபம். பூஜைக்கு வாங்கிய பொரி மேசை இழுப்பறையில் நமத்துப்போய்க் கிடந்தது. தனம் அதை எடுத்து ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு, பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள். நிரல் ஏறியது. முதல் அளவு திரையில் வந்தது.

“வந்திடுச்சு” என்றாள். நான்கு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எனக்கு அழுகை வந்துவிட்டது. “இன்னாடி இது, பசங்க பார்க்கப் போறாங்க, மூஞ்சியைத் துடை” என்றாள்.

அதன்பின் இரண்டு சர்வர்களும் சேர்ந்து ஓடின. மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று கோவிந்தன் அவளைவிடப் பதறினார். ஒரு நாள் மீதம் இருக்கும்போது நான்காவதும் முடிந்தது. ஆய்வேட்டைக் கொடுத்தாள். அடுத்த கோடைக்குள் டாக்டர் தனலட்சுமி ஆனாள். ஜூனில் கோயம்புத்தூர் போனாள்.

போகிற அன்று விழுப்புரம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தோம். பெட்டிகளை ஏற்றிவிட்டு அவள் கணவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். தனம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் அழுதப்பக்கூட ஏன்டி வாயைத் தொறக்கல? அவ்ளோ பயமா?” என்று கேட்டாள்.

“பயம்தான்” என்றேன்.

அது பாதி உண்மை. மீதியை நான் அவளிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை அதே பஸ்ஸில் போனேன். பழக்கத்தில் கைப்பையைப் பக்கத்து சீட்டில் வைப்பேன். யாராவது வந்து, “ஆள் வருதாங்க?” என்று கேட்பார்கள். இல்லை என்று எடுத்துக்கொள்வேன். மறுநாளும் வைப்பேன். போனில் பேசுவோம், பண்டிகைக்குப் பேசுவோம், அவள் மகள் கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் தங்கினேன். அதெல்லாம் இருக்கிறது. ஆனால் ஒரு வேலை சிக்கலாகும்போது, பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் திரையைப் பார்க்க ஒரு ஆள் இருப்பது வேறு. அவள் போன பிறகு எனக்கு அது கிடைக்கவில்லை. எத்தனையோ இமேஜ்களைத் திறந்து மூடினேன். ஒவ்வொரு முறையும் அவள் நினைப்பு வந்தது. இப்போதும் அவளைத் தேடுகிறது மனம்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். தப்பு செய்தால் செய்த மணி நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். சாமி, கரண்ட், வைரஸ் என்று ஏற்றிவைக்க ஒரு தலை எப்போதும் கிடைக்கும், ஏற்றாதீர்கள். ஆனால் உங்கள் மனதில் இருக்கிற எல்லாவற்றையும் தப்போடு சேர்த்து அதே மூச்சில் கொட்டிவிடாதீர்கள். “நீ போகக் கூடாதுன்னுதான் நான் பேசாம இருந்தேன்” என்று அன்றைக்கு பஸ்ஸில் சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. இருபத்திரண்டு நாளில் ஓடி முடிக்க வேண்டியவளின் காலில் அதைக் கட்டிவிடக் கூடாது என்று விழுங்கினேன். நான் செய்த வேலையில் எதைச் சரியாகச் செய்தேன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சரியாகச் செய்தேனா என்று சந்தேகமும் உண்டு.

இதை அவளிடம் சொல்லாமல் உங்களுக்கு அனுப்புவது நியாயமில்லை என்று தோன்றியது. இன்று காலை போன் போட்டு, மீதிப் பாதியைச் சொன்னேன்.

“பைத்தியக்காரி. அன்னிக்கு பஸ்ல நீ இதைச் சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன்டி. அது உனக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியும்” என்றேன்.

இரண்டு பேரும் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை.